சில எழுத்துகள் சிதைந்துள்ளன

நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அஞ்சலாட்சிக்கு மேடையில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதே காதில் ஏறவில்லை. மூன்று புள்ளி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சில எழுத்துகள் சிதைந்துள்ளன’ என்று சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு. அடுத்த வரி, ஒன்றுமே நடக்காதது மாதிரி, கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் கொடுப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறது. சிதைந்திருக்கிறதாம். எங்கே சிதைந்தது? இதோ இந்தக் கோயிலின் வடக்குச் சுவரில் சாரம் கட்டி ஏறி நின்று, கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்குகிறவரை தூரிகையால் அடித்து அடித்து, மேலே மை ஒற்றிப் படியெடுத்தவள் அவள். ஐம்பத்திரண்டு வரி, பதினொரு நாள். வலது தோள்பட்டை இன்றைக்கும் மழை வந்தால் வலிக்கிறது. அந்த ஐம்பத்திரண்டில் முப்பத்திநாலாவது வரிதான் நேற்று வெட்டியது போல இருந்தது. மற்ற இடங்களில் கை சலித்துக் கிறுக்கியிருந்த சிற்பி அந்த இடத்தில் மட்டும் நிதானமாக, ஒரு சுழி பிசகாமல் வெட்டியிருந்தான். அதைப் போய்ச் சிதைந்திருக்கிறது என்று அச்சடித்து, அட்டையில் தங்க எழுத்துப் போட்டு, ‘கடிகைமங்கலத்துக் கல்லூரி: ஆயிரமாண்டு வரலாறு’ என்று பெயர் வைத்து, அந்தக் கல்லூரி நடந்த மண்டபத்திலேயே வெளியீட்டு விழா. அவளுக்குக் காது மடல் சுட்டது. புத்தகத்தை மூடினாள். மூடினாலும் விரல் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது, கதவில் நசுங்கிய விரல் மாதிரி.

நன்றியுரைக்காகத்தான் அவளை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். ஏழு நாற்காலியில் கடைசி நாற்காலி, பக்கத்தில் பெடஸ்டல் ஃபேன், அது அவள் பக்கம் திரும்பவே திரும்பாமல் முன்னாள் துணைவேந்தருக்கும் பேராசிரியருக்கும் நடுவில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணி வெயில். முப்பத்தைந்து வருஷமாக அவளுக்கு நன்றியுரைதான். கருத்தரங்கா, நன்றியுரை அஞ்சலாட்சி. நூல் வெளியீடா, நன்றியுரை அஞ்சலாட்சி. கல்வெட்டுத் துறையின் தலைமை அலுவலகத்தில் எத்தனையோ கல்வெட்டுகளை முதலில் படித்தது அவள் கண், முன்னுரையில் கடைசிப் பத்தியில் ‘படியெடுத்து உதவிய செல்வி கோ. அஞ்சலாட்சி’. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் செல்விதான், பழைய முன்னுரையைப் பார்த்துப் புது முன்னுரை எழுதினால் அப்படித்தான் வரும். விழாக்குழுச் செயலாளர் பாலகுரு கொடுத்த காகிதம் மடியில் இருந்தது, யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்ற பட்டியல். ஒலிபெருக்கி போட்டவர், பந்தல் போட்டவர், தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தவர். “மேடம், ரெண்டு நிமிஷம்தான். இலை போட்டுருவாங்க,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன். கீழைச்சேரியிலிருந்து ஒரு பெண் படித்து மேலே வந்து இந்த மேடையில் உட்காருவது எங்கள் ஊருக்கே பெருமை என்று வரவேற்புரையில் அவர் சொன்னபோது கைதட்டல்கூட வந்தது. ஊருக்கே பெருமை. அந்த ஊரும் கீழைச்சேரியும் ஒரே ஊராக எப்போது ஆனது என்று அவள் அப்போது சிரித்துக்கொண்டே யோசித்தாள். அது புத்தகம் கைக்கு வருவதற்கு முன்னால்.

முன்னாள் துணைவேந்தர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “ஐரோப்பாவிலே பல்கலைக்கழகம்ங்கிற பேச்சே இல்லாத காலத்திலே, இந்த மண்டபத்திலே, நூத்தி நாற்பது மாணவர்! பன்னிரண்டு ஆசிரியர்! தங்க விடுதி, படுக்கப் பாய், உடம்புக்கு வந்தா பார்க்க மருத்துவர்! சாதி என்ன, சமயம் என்ன, யாரையும் கேட்கலை. அறிவுக்குக் கதவைத் திறந்து வச்சிருந்தான் தமிழன்!” கைதட்டினார்கள். யாரையும் கேட்கவில்லையா? கேட்டிருக்கிறார்கள் ஐயா, பதினெட்டாவது வரியில் யார் யார் சேரலாம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள், அது உங்கள் மடியில் இருக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது, நீங்கள் பிரிக்கவில்லை. பொன்னாடையைப் பிரித்தீர்கள், புத்தகத்தைப் பிரிக்கவில்லை. ஆனால் அவளுக்குக் கோபம் அவர்மேல் இல்லை. அவர் இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் வேறொரு மேடை. பதினெட்டாவது வரியை மறைக்காமல் போட்டவர் முப்பத்திநாலாவது வரிக்கு மட்டும் ஏன் புள்ளி வைத்தார் என்பதுதான் உள்ளே கிடந்து அறுத்தது. புத்தகத்தை எழுதிய பேராசிரியர் தணிகாசலம் நடு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது, இடது காதில் மெஷின், கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி முழங்கால்மேல் குழந்தையைப் போலப் போட்டிருந்தார். அந்த நரைத்த தலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போல இருந்தது. கூடவே, ஃபேன் காற்றில் அவருக்கு முடி பறப்பதைப் பார்த்து யாராவது ஃபேனைக் குறைத்தால் தேவலை, அவருக்குச் சளி பிடிக்குமே என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

முப்பத்திநாலாவது வரி கல்லூரிச் சமையலறையைப் பற்றியது. நூற்று நாற்பது மாணவர், கல்வெட்டுச் சொல்லில் மாணிகள், சாப்பிட வேண்டுமானால் யாரோ நெல் குத்த வேண்டும். நெல் குத்துவதற்காகக் கீழைச்சேரியிலிருந்து சில பெண்களை அடிமையாகக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள், அவர்களுக்குப் பிறக்கப்போகிறவர்களையும் சேர்த்து. பெயரோடு இருக்கிறது. இந்தக் கல்லூரியில் இலக்கணத்துக்கென்றே ஓர் ஆசிரியர் இருந்தார், முப்பதாவது வரி சொல்கிறது. இலக்கணம் படிக்கிறவன் முதல் நாள் என்ன படிப்பான்? மனிதர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. அதை ஒரு பக்கம் ராகம் போட்டுப் படித்துக்கொண்டே, மறுபக்கம் சுவரில் அந்தப் பெண்களை வெட்டும்போது ஒருத்தி என்று வெட்டவில்லை. ஒன்று. இவள் ஒன்று, இவள் மகள் ஒன்று. பசுமாட்டை எழுதுவது மாதிரி, விளக்கை எழுதுவது மாதிரி. அவர்கள் குத்தின அரிசியைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டு வந்து திணை படித்திருப்பார்கள். அம்மா நெல் குத்தியதில்லை, அம்மா காலத்துக்கு ரைஸ்மில் வந்துவிட்டது. அம்மா மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிண்டுவாள், சித்திரை வெயிலில், செருப்பில்லாமல், உள்ளங்கால் மரப்பலகை மாதிரி ஆகிவிட்டிருந்தது. ராத்திரி சாதத்தில் ஒரு கல் கிடந்தால்கூட அம்மா அதை எடுத்துப் பார்த்து, எந்தக் களத்து நெல் என்று சொல்லுவாள். அப்போது இந்தக் கோயிலுக்குள் அம்மா வந்ததில்லை. அஞ்சலாட்சி வந்ததில்லை. தேர் அன்றைக்குத் தேரடிவரை.

அவள் முதன்முதலில் இந்தக் கோயில் வாசற்படியைத் தாண்டியது இருபத்துமூன்று வயதில், அரசாங்க அடையாள அட்டையோடு, கையில் மைக்கிண்ணத்தோடு. எண்பத்தொன்பது, மாசி மாதம். குருக்கள் அவளைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு...” என்று இழுத்தார். தணிகாசலம் சார் திரும்பிக்கூடப் பார்க்காமல், “என் உதவியாளர். அவங்க வந்தா நான் வருவேன். இல்லைன்னா ரெண்டு பேரும் போறோம், நீங்க மேல கடுதாசி எழுதிக்குங்க,” என்றார். அதை எப்படி மறப்பது? அதை மறக்க முடியாததால்தானே இந்தக் கோபம் ஒரு பக்கமாகப் பாயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவளைக் கூப்பிட்டுப் பழைய எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். மூன்று மாதத்தில் எனக்கே தப்புக் கண்டுபிடிக்கிறாளே என்று எல்லோர் எதிரிலும் சிரித்தவர். அப்படிப்பட்ட மனுஷர், வரியை முழுங்கிவிட்டு, ஆயிரம் வருஷப் பெருமைக்கு இடைஞ்சலாக ஆறு பேர் நிற்கிறார்கள் என்று அவர்களை மூன்று புள்ளியாக ஆக்கிவிட்டார். பொட்டு வைக்கிற மாதிரி. இப்போது போய்ச் சுவரைக் காட்டி நிரூபிக்கவும் முடியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் கும்பாபிஷேகத்துக்காகச் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தையெல்லாம் மழுக்கிவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கல்லைத் தடவினால் குளித்த முதுகு மாதிரி இருக்கிறது. பொய் தானாக நிஜமாகிவிட்டது. சிதைந்துள்ளன, ஆமாம், இப்போது சிதைந்துதான் உள்ளன.

ஆனால் அன்றைக்குச் சிதையவில்லை. அன்றைக்கு மத்தியானம், கோயில் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து, அலுவலக அறையில் நீள மேசைமேல் படியை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்து, அவள் வாசிக்க, சார் எழுத, எதிரில் உதவி அலுவலர் வரதராஜுலு வெற்றிலை மென்றுகொண்டு, ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து... அந்த ஸ்கூட்டர் கிளம்பவே இல்லை. வரதராஜுலு வெற்றிலைக்கு ஏலக்காய் போடுவார். துணைவேந்தர் இப்போது நாலந்தாவுக்குப் போய்விட்டார், அங்கிருந்து திரும்பி வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். மண்டபத்தின் கடைசித் தூணுக்கு அப்பால் வன்னி மரத்தடியில் காலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நூறுநாள் வேலைக்காரர்கள், எல்லோரும் கீழைச்சேரி. அவர்களில் சின்னப்பொண்ணு இவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு ஸ்கூட்டர் உதைக்கிற சத்தத்தோடு முப்பத்துமூன்றாவது வரியை வாசித்து முடித்தாள். சார், “ம், மேல,” என்றார். அவள் அடுத்த வரியைக் கண்ணால் பார்த்தாள். வாய்க்கு வருவதற்கு முன்னால் கண் முழுசையும் படித்துவிட்டது. கீழைச்சேரி என்ற எழுத்து, அவள் வீட்டு முகவரியில் இருக்கிற அதே எழுத்து. அலுவலகத்தில் யாருக்கு அந்த முகவரி தெரியாது? சேர்ந்த முதல் வாரமே வரதராஜுலு கேட்டார், “கீழைச்சேரின்னா... அந்தக் கீழைச்சேரிதானேம்மா?” கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இப்போது மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தது, வெற்றிலையோடு. அவள் இதை உரக்கப் படிக்க வேண்டும். கீழைச்சேரியில் அடிமையாகக் கொடுத்த பெண்டுகள் என்று அவள் வாயால் படிக்க, அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க...

வேண்டாம் என்று அஞ்சலாட்சி மேடையில் உட்கார்ந்தபடியே நினைத்தாள். அதற்கு மேல் வேண்டாம். புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள். நாற்காலியின் பிளாஸ்டிக் கைப்பிடியில் ஒரு வெடிப்பு இருந்தது, அதில் சேலை நூல் மாட்டிக்கொண்டது, எடுத்தாள். சார்தான் எழுதினார். புள்ளி வைத்தது அவர் பேனா. பேனா அவருடையது, கை அவருடையது. “மேல என்னம்மா?” என்று அவர் கேட்டார். ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் அவள், இருபத்துமூன்று வயது அஞ்சலாட்சி, புதுச் செருப்பு கடித்த குதிகாலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “மேல எழுத்து சிதைஞ்சிருக்கு சார். அடுத்த வரி படிக்கறேன்.” சொன்னது அவள். முப்பத்தைந்து வருஷமாக அந்த வாக்கியத்தைத் தேடி வேறு வேறு ஆளின் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சார் வாயில், வரதராஜுலு வாயில், அலுவலகத்தின் வாயில். எங்கேயும் பொருந்தாமல் அது திரும்ப வந்து தன் வாயிலேயே உட்கார்ந்துகொண்டது. ஆறு பேரையும் மறுபடி இருட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது அவள். ஒரு சிரிப்புக்குப் பயந்து. வெற்றிலைக் கறைப் பல்லுக்குப் பயந்து. கோபம் இறங்கும் என்று பார்த்தாள், இறங்கவில்லை. வந்த வழியே திரும்பி அவள் நெஞ்சிலேயே முட்டியது. பிறகு, பயப்படும்படி அந்த அறையை வைத்திருந்தது யார் என்று கேட்டுக்கொண்டு மறுபடி வெளியே பாய்ந்தது. இருபத்துமூன்று வயதுப் பெண் தன் ஊர்ப் பெயரை வாசிக்க முடியாத அறை. ஆயிரம் வருஷமாக அதே அறை, மேசை மட்டும் வேறே.

“நிறைவாக, நன்றியுரை,” என்று பாலகுரு சொன்னார். “அஞ்சலாட்சி மேடம், சுருக்கமா.”

எழுந்தாள். பட்டியலை வாசித்தாள், ஒலிபெருக்கிக்காரர், பந்தல்காரர், தண்ணீர்ப் பாட்டில். முன்வரிசையில் இரண்டு பேர் ஏற்கெனவே எழுந்து பந்திப் பக்கம் பார்த்தார்கள். நூலாசிரியருக்கு நன்றி என்ற இடம் வந்தது. நிறுத்தினாள்.

“இந்தப் புத்தகத்துல நூத்திப் பதினேழாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு,” என்றாள். “சில எழுத்து சிதைஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. சிதையலை. படியெடுத்தது நான். சிதைஞ்சிருக்குன்னு அன்னைக்குச் சொன்னதும் நான்தான். பொய் சொன்னேன்.”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். துணைவேந்தர் பாலகுருவைப் பார்த்தார். தணிகாசலம் சார் கண்ணைத் திறந்து, காது மெஷினை விரலால் அழுத்திக்கொண்டு, காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னார்: “எனக்குத் தெரியும்மா.”

அவள் திரும்பினாள். “என்ன சார் தெரியும்?”

“மறுநாளே படியை எடுத்துப் பார்த்தேன். தெளிவாத்தான் இருந்தது.”

“பின்னே ஏன் சார் எழுதலை?”

அவர் மடியில் இருந்த மாலையைப் பார்த்தார். “நீ படிக்கலையே. நீ படிக்காம விட்ட வரிய நான் எப்படி எழுதறது? உனக்கு வேண்டாம்னு நினைச்சேன்.” மாலையை ஒதுக்கிக்கொண்டே, “எனக்கும் அது வசதியாத்தான் இருந்தது,” என்றார்.

முப்பத்தைந்து வருஷம். இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் உபகாரம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. அவருடைய இரக்கத்தை யார் கேட்டார்கள்? அவர் அவளிடம் நேராகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பாள், இல்லை, அழுதிருப்பாள், இல்லை, அன்றைக்கே வாசித்திருப்பாளோ என்னவோ. அந்த நரைத்த தலையின்மேல் வந்த கோபமும் பாசமும் ஒன்றையொன்று மன்னிக்காமல் அப்படியே நின்றன. அவள் மைக் பக்கம் திரும்பினாள்.

“மேடம், சாப்பாடு ஆறுது,” என்றார் பாலகுரு, மெதுவாக, பக்கத்தில் வந்து.

“ஆறட்டும். அந்தச் சாப்பாட்டுக்கு நெல்லுக் குத்தினவங்க பேரைத்தான் படிக்கப் போறேன்.”

அவளுக்குப் படி தேவைப்படவில்லை, சுவர் தேவைப்படவில்லை. கண்ணை மூடினால் ஈரக் காகிதத்தில் எழுத்து கறுப்பில் வெள்ளையாக எழுந்தது. கல்வெட்டு வாசிக்கிற குரலில் இல்லாமல், மில் களத்தில் அம்மா தூரத்து ஆளைக் கூப்பிடுகிற குரலில் படித்தாள்: “இக்கல்லூரி மாணிகளுக்கு நெல்லுக் குத்தக் கீழைச்சேரியில் அடிமையாகக் கொடுத்த பெண்டுகள். சேந்தி ஒன்று. இவள் மகள் நீலி ஒன்று. காரி ஒன்று. காரி தங்கை ஒற்றி ஒன்று. குன்றி ஒன்று. நீலி வயிற்றில் பிள்ளை ஒன்று. இவர்களும் இவர்கள் வழியில் பிறப்பாரும் சந்திரனும் சூரியனும் உள்ளவரை குத்துவதாக.”

யாரும் கைதட்டவில்லை. துணைவேந்தரின் டிரைவர் வாசலில் வண்டியைத் திருப்புகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒருத்தர் தன் செருப்பைக் காலால் தேடினார். அப்போது கடைசித் தூணுக்கு அப்பாலிருந்து, வன்னி மரத்தடியிலிருந்து, சின்னப்பொண்ணு எழுந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே கத்தினாள்:

“அக்கா, இன்னொரு வாட்டி படி. இங்க பேரு சரியா கேக்கல.”

அஞ்சலாட்சி மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மேடையின் விளிம்புவரை வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.